சேற்று வயலில் செருப்போடு நடப்பது

1

இந்தக் கதையை எழுதக் கூடாது என்று என் தங்கச்சி சொல்லியிருக்கிறாள். எழுதினால் கையை ஒடித்துவிடுவாளாம். ஆகவே இடது கையால் எழுதுகிறேன்; வலது கை சோறு தின்னத் தேவைப்படும். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அச்சில் நிமிர்த்திவிடுவார்கள்.

கதை வந்த வழியையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நெல்வயலையெல்லாம் வடிச்சுட்டு மேட்டுப்பயிர் போடுறாங்களாமே சார். அதைப் பத்தி உருக்கமா ஒண்ணு எழுதிக் குடுங்க. படிச்சு முடிச்சா கண்ணுல தண்ணி நிக்கணும்."

"தண்ணி நிக்கக் கூடாதுன்னுதானே வடிக்கிறாங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. உருக்கமாக எழுத மாட்டேன் என்று அப்போதே முடிவு செய்தேன். இந்த வயதில் எனக்கு மிச்சமிருக்கிற ஒரே உடற்பயிற்சி பிடிவாதம்தான்.

கதைக்கு அலையவும் வேண்டியிருக்கவில்லை. நான் குடியிருப்பது தங்கச்சி வீட்டு முன்னறையில். என் மேசைக்கு எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒரு நெல்வயல். சுற்றியுள்ள வயல்களிலேயே அதுதான் தாழ்வு. மேலே எவன் தண்ணீர் கட்டினாலும் கசிந்து இங்கேதான் வந்து சேரும். பெயரே தாழ்வயல். அதைத்தான் என் தங்கச்சி வடித்து, மக்காச்சோளம் போடப்போவதாகக் கிளம்பியிருந்தாள்.

2

முதல் தொடக்கம்:

*பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நெற்பயிர் இளங்காற்றில் தலையசைத்து, வருவோர் போவோரை வா வாவென்று*

இங்கே நின்றுவிட்டது. டீ கொண்டுவந்த தங்கச்சி, என்ன எழுதியிருக்கிறாய், படி என்றாள். படித்தேன்.

"கம்பளமா? நீ ஒரு நாளாவது அந்தக் கம்பளத்துல குனிஞ்சு நின்னிருக்கியா அண்ணே?"

"இல்ல."

"அப்ப டீயைக் குடி. ஆறுது."

இரண்டாம் தொடக்கம் (கட்டுரைத் தொனியில்):

*நெல்வயல் என்பது ஒரு கிண்ணம். சாகுபடிப் பட்டத்துக்குப் பட்டம் தண்ணீர் கட்டி, சேறாகக் குழப்பி, உழுது, மிதித்து, கலப்பை இறங்குகிற ஆழத்துக்குச் சற்றுக் கீழே மண் பாளமாக இறுகிப்போயிருக்கும். சுட்ட ஓடு மாதிரி. தண்ணீர் அதைத் தாண்டி இறங்காது. நெல்லுக்கு அது சுகம். மக்காச்சோளத்தை அங்கே போட்டால் வேர் மூச்சுத் திணறிச் சாகும். ஆகவே வயலை மாற்ற நினைப்பவர் முதலில் அந்தக் கிண்ணத்தை உடைக்க வேண்டும். பிறகு மண்ணுக்கடியில் துளையிட்ட குழாய்களைப் பதித்து, துளைகளை மண் அடைக்காதபடி சுற்றிலும் உமியைக் கொட்டி, கீழே இறங்கும் தண்ணீரை வயலோரத்து வடிகாலுக்கு*

"இது நல்லா இருக்கு" என்றாள். "இதையே அனுப்பிடு. என்னை விட்டுடு."

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஆளே இல்லை. ஆளில்லாத வயலில் மாடு மேயும். ஆளில்லாத கதையில் விமர்சகர் மேய்வார். விட்டுவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம் அவள் காலிலிருந்து. அதை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. அது இதோ, அடுத்த எண்ணில்.

3

தாழ்வயல் எவ்வளவு ஈரம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே குருவி விரட்ட நான் நட்டுவைத்த பொம்மைக்கு ஜலதோஷம் பிடித்தது. தும்மினதை என் காதால் கேட்டேன். ஒரு வாத்து வயலில் இறங்கிப் பார்த்துவிட்டு, இது நமக்கு ஆகாது என்று வரப்பு வழியாகச் சுற்றிப் போனது. ஒரு தடவை உழவு இயந்திரம் ஒன்று புதைந்துபோய், அடுத்த பட்டத்தில் நாலு முழம் தள்ளி முளைத்தது. முளைத்தபோதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்றால் நம்ப மாட்டீர்கள். அணைந்திருந்தது என்றே வைத்துக்கொள்வோம்.

இனிமேல் சொல்வது பொய்யில்லை.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் தங்கச்சி அந்தத் தண்ணீரில் நின்றிருக்கிறாள். நாற்றுப் பிடுங்க, நட, களை பறிக்க. விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். சாயங்காலம் மருந்து தடவிக் காயவைப்பாள். காலையில் கொண்டுபோய் நனைப்பாள். அவளுக்கு நரைத்தது, பல் ஆடியது, புருஷன் போய்ச் சேர்ந்தார். அந்தப் புண் மட்டும் புதுப்பெண் மாதிரி அப்படியே இருந்தது.

தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காலை ஈரத்துல வைக்காதீங்கம்மா" என்றார்.

"சரிங்க" என்றாள் இவள். "நிலத்தை எங்க வைக்கட்டும்?"

திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது நின்றாள். கழற்றின செருப்பையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "என் நிலத்துல நான் செருப்பு போட்டு நடக்கணும் அண்ணே. அவ்வளவுதான்."

(இவ்வளவுதானா, ஒரு ஜோடிச் செருப்புக்கா ஒரு கதை என்று கேட்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். ராஜ்யத்துக்குச் சண்டை போட்டவர்களின் கதை வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. அவர்களில் ஒருவருக்கும் சேற்றுப்புண் வந்ததாகத் தெரியவில்லை.)

4

தாழ்வயல் அவளுக்கு மட்டும் சொந்தமில்லை. அவள் புருஷனின் தம்பிக்கும் அதில் பாத்தியதை உண்டு. அந்தக் கொழுந்தன் என்னை மச்சான் என்பார். நான் அவரை மாப்பிள்ளை என்பேன். இருவருக்கும் இதில் பெரிய சந்தோஷம் கிடையாது.

செய்தி கேள்விப்பட்டு வந்தார். உட்கார இடம் தேடி, என் இரண்டாம் தொடக்கத்தின் மேல் உட்கார்ந்தார்.

"அண்ணி, தண்ணியைக் கட்டி வைக்கத் தெரிஞ்சவன்தான் விவசாயி. ஓட விடுறவன் ஊதாரி."

"ஊதாரின்னே வச்சுக்குங்க."

"சோளம் அழுகிப்போச்சுன்னா?"

"அழுகாது."

"அழுகிச்சுன்னா?"

"அழுகிச்சுன்னா வயலை நீங்களே எடுத்துக்குங்க. நெல்லு போடுங்க. நான் எப்பவும்போல நடவுக்கு வந்து தண்ணியில நிக்கிறேன். போதுமா?"

"அழுகிச்சா இல்லையான்னு யாரு சொல்றது? நீங்க இலை மஞ்சளா இருந்தாலும் பச்சைன்னுதான் சொல்வீங்க."

அவள் எழுந்து ஜன்னல் வழியாகத் தாழ்வயலைப் பார்த்தாள்.

"முதல் பெருமழை பெஞ்சு விடட்டும். மறுநாள் காலையில செருப்பு போட்டுக்கிட்டு இந்த வரப்புல இறங்கி, வயலுக்குக் குறுக்க நடந்து, அந்த வரப்புல ஏறுறேன். ரெண்டு செருப்பும் கால்ல இருந்தா வயல் என் இஷ்டம். ஒரு செருப்பு சேத்துல மாட்டினாலும் உங்க இஷ்டம்."

கொழுந்தன் சிரித்தார். தாழ்வயலில், மழைக்கு மறுநாள், செருப்போடு! ஆனை வந்தாலும் கொலுசைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டிய இடம் அது.

"மச்சான், நீங்க சாட்சி."

"நான் கதை எழுதுறவன் மாப்பிள்ளை. என் சாட்சியை எவன் நம்புவான்?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லி எழுந்து போனார். இரண்டாம் தொடக்கம் அவர் வேட்டியோடு போய்விட்டது. மேலே உள்ளது நினைவிலிருந்து எழுதியது.

5

கோடையில் வயல் ஓரளவு காய்ந்ததும் குழாய்க்காரர் வந்தார். மண்ணுக்கடியில் வடிகுழாய் பதிப்பதுதான் அவர் தொழில். தன்னைப் பற்றிப் பேசுவது அவர் பொழுதுபோக்கு.

"நான் பதிச்ச குழாயில தண்ணி ஓடாதுங்க. எனக்குப் பயந்து பறக்கும்."

சந்தேகம் இருந்தது எனக்கு. இப்படிப் பேசுகிற பாத்திரத்தைக் கதையில் விட்டால் மூன்று பக்கத்தைத் தின்றுவிடும். ஆகவே அவருக்கு இந்த ஒரு எண் மட்டும்.

உளிக்கலப்பையை ஆழமாக விட்டு அந்த இறுகிய பாளத்தை உடைத்தார்கள். உடைந்தபோது மண்ணுக்குள் யாரோ சொடக்கு எடுப்பதுபோல் சத்தம் கேட்டது. அப்புறம் நீளமாகப் பள்ளங்கள். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழலில் தண்ணீர் ஊற்றி இரண்டு முனையையும் ஆள்கள் பிடித்துக்கொண்டு சரிவு பார்த்தார்கள். துளைக்குழாயை இறக்கி, உமியை மூட்டை மூட்டையாகக் கொட்டி மூடினார்கள். குழாய்களின் முனைகள் வடிகாலின் கரையிலிருந்து எலி எட்டிப் பார்ப்பதுபோல் வரிசையாக எட்டிப் பார்த்தன.

ஒரு மழை தூறியது. எல்லோரும் வடிகாலில் இறங்கிக் குழாய் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெகுநேரம் ஒன்றும் இல்லை. குழாய்க்காரர் முதல்முறையாகப் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு சொட்டு, காப்பி நிறத்தில். இன்னொன்று. பிறகு விரல் தடிமனுக்கு நூல் பிடித்தாற்போல் விழ ஆரம்பித்தது.

தங்கச்சி குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினாள். [அவள் கண்கள் கலங்கின.]

இந்த அடைப்புக்குறிக்குள் இருப்பதை நீக்கச் சொன்னாள். கண் கலங்கவில்லையாம். உண்மைதான். அவள் தண்ணீரைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "போ. போய்த் தொலை."

6

மண்ணை மேடு மேடாக அணைத்துப் பார் பிடித்து விதை ஊன்றினாள். முளைத்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பச்சைக் கம்ப— இல்லை, முளைத்தது. அவ்வளவுதான்.

அப்புறம்தான் வம்பு. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒரு குழாயின் வாய் மண்ணால் அடைத்திருந்தது. சும்மா விழுந்த மண் இல்லை. பிசைந்து வைத்து, அழுத்தி, மேலே வழித்துவிட்ட நேர்த்தியான அடைப்பு. பிடுங்கி எறிந்தாள். மறுநாள் வேறு குழாயில். அதற்கடுத்து இரண்டில். உள்ளே தண்ணீர் தேங்கியது. சோளத்தின் அடியிலைகள் மஞ்சளடித்தன.

"அவருதான்" என்றாள்.

எனக்கும் அவர்தான் வேண்டியிருந்தது. கதையென்றால் வில்லன் வேண்டாமா? உட்கார்ந்து எழுதினேன்:

*இருளோடு இருளாக வந்தான் கொழுந்தன். அவனுடைய முறுக்கு மீசை நிலவொளியில் துடித்தது. மண்வெட்டியை ஓங்கி*

மறுநாள் அவரே வந்துவிட்டார்.

"மச்சான், என்னைத் திருடன்னு எழுதுறீங்களாமே?"

"யார் சொன்னது?"

"அண்ணிதான். வாசல்ல நின்னு தெருவுக்கே படிச்சுக் காட்டினாங்க. அதுல எனக்கு மீசை வேற வச்சிருக்கீங்க."

"கதைக்கு வேணும் மாப்பிள்ளை."

"எனக்கு மீசை முளைக்காதுன்னு தெரிஞ்சே வச்சிருக்கீங்க. சரி, அதை விடுங்க. நல்லாத்தான் இருக்கும். ஆனா அடைக்கணும்னா நான் நாலு பேரைக் கூட்டி வச்சு, இதோ பாருங்கடான்னு சொல்லி அடைப்பேன். ஒளிஞ்சு வந்து அடைக்க நான் என்ன பெருச்சாளியா?"

நியாயம். அவர் தும்மினால் அடுத்த தெருவில் கதவு சாத்துவார்கள். அப்படிப்பட்டவர் சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்வார் என்று நானே நம்பவில்லை. உங்களை எப்படி நம்பவைப்பேன்? மீசையோடு சேர்த்து அந்த அத்தியாயத்தைக் கிழித்தேன்.

ஆனால் அதற்குள் ஊர் அவரைத் திருடன் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. டீக்கடையில் அவர் வந்தால் யாராவது ஒருத்தன் வாயை உள்ளங்கையால் அடைத்துக் காட்டுவானாம்.

7

நானும் கொழுந்தனும் சேர்ந்து காவல் இருப்பது என்று ஏற்பாடு. அவர் அடைக்கிறாரா என்று நான் பார்க்க. நான் கதைக்காக அடைக்கிறேனா என்று அவர் பார்க்க. வடிகாலுக்கு அந்தப் பக்கம் பம்பு அறை. அதன் ஜன்னலோரம், வெளிச்சம் வந்ததிலிருந்து ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தோம்.

"மச்சான், உங்க காலு என் மேல படுது."

"உங்க முழங்கை என் விலாவுல இருக்கு."

"இதையும் எழுதுவீங்களா?"

"எழுதுவேன்."

"மீசையோடயா?"

அப்போது தங்கச்சி வந்தாள். காதில் தொலைபேசி, வெறுங்கால். வெளியூரிலிருக்கிற மகளோடு பேசிக்கொண்டே வடிகால் ஓரமாக நடந்தாள். கண் சோளத்தின் மேல்.

"வெள்ளைத் துணியோட சிவப்பை யாருடி ஊறப் போடச் சொன்னா? சட்டை மட்டுமா, வேட்டியுமா?"

குழாய் வாயிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் நிற்கவில்லை, பேச்சும் நிற்கவில்லை. நடை மட்டும் ஒரு நொடி தாமதித்தது. வலது குதிகால் கரையோரத்திலிருந்து ஒரு கட்டி மண்ணை அள்ளியது. குழாய் வாயில் வைத்தது. ஒருமுறை அழுத்தியது. இன்னொருமுறை. பெருவிரல் மேலே வழித்துவிட்டது. "அப்ப உன் வீட்டுக்காரர் ரோஸ் வேட்டி கட்டிக்கிட்டுப் போகட்டும்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

கொழுந்தனின் முழங்கை என் விலாவில் இன்னும் ஆழமாக இறங்கியது.

இதை நான் விளக்க வேண்டும். நெல்வயலில் வரப்பில் நண்டு வளை தோண்டும். அது வழியாகத் தண்ணீர் ஓடிவிட்டால் பயிர் காயும். தலையில் நாற்றுக்கட்டோடு போகிறவள் எங்கே குனிவாள்? காலே அடைத்துக்கொள்ளும். யாரும் சொல்லித்தருவதில்லை. முன்னால் போகிற காலைப் பார்த்துப் பின்னால் போகிற கால் கற்றுக்கொள்ளும். ஓடுகிற தண்ணீரைக் கண்டால் அடை: அவ்வளவுதான் அந்தக் காலுக்குத் தெரிந்த பாடம். குழாய் போட்டது தலை. காலுக்கு யாரும் சொல்லவில்லை.

கொழுந்தனைப் பார்த்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் போதும், வயல் அவருக்கு. அந்த எண்ணம் அவர் முகத்தில் ஏறி உட்கார்ந்ததை நான் பார்த்தேன். வசதியாகக் கால் நீட்டிக்கூட உட்கார்ந்தது.

(இங்கே இரண்டு நாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அவர் பேசாமல் போனால் கதை சுலபமாக முடிந்துவிடும். பேசினால்தான் தொல்லை.)

ஆனால் டீக்கடையில் வாயடைத்துக் காட்டினார்களே, அந்த எரிச்சல் பெரிது. எழுந்து கத்தினார், பம்பு அறைக் கூரையிலிருந்து பல்லி விழுந்தது.

"அண்ணீ! அடைக்கிறதே நீங்கதான்! நான் இல்ல!"

அவள் திரும்பினாள். "என்ன உளர்றீங்க? ரெண்டு பேரும் அங்க என்ன பண்றீங்க?"

"உங்க காலு அண்ணி! குதிகாலு!"

"என் காலைப் பத்தி எனக்குத் தெரியாதா? திருடிட்டு என் கால் மேல பழியைப் போடுறீங்களே, வெக்கமா இல்ல?" விறுவிறுவென்று எங்களை நோக்கி வந்தாள். "நானே உசிரைக் குடுத்துக் குழாய் போட்டு, நானே போயி..."

அடுத்த குழாய் அருகே வந்திருந்தாள். பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. குதிகால் மண்ணை அள்ளியது.

மூவரும் குனிந்து அதைப் பார்த்தோம். கால் பாதி வேலையில் நின்றுவிட்டது, சாப்பிடும்போது யாரோ உள்ளே வந்துவிட்டதுபோல்.

தொலைபேசிக்குள் மகள் "அம்மா? அம்மா?" என்றாள்.

"வைடி. அப்புறம் பேசுறேன். இங்க திருடன் மாட்டிக்கிட்டான்."

காலை எடுத்து, அந்த மண்ணைக் கையால் தோண்டி எறிந்தாள். கொழுந்தனைப் பார்த்து, "தப்பா சொல்லிட்டேன் தம்பி" என்றாள். அவள் போன பிறகு கொழுந்தன் சாக்கின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"சொல்லாம இருந்திருக்கலாம் மச்சான்."

"கதைக்கு நல்லது."

"உங்க கதையில தீய வைக்க."

8

குழாய்க்காரரைக் கேட்டேன். (ஒரு எண் மட்டும் என்றேன், இது தொலைபேசியில், கணக்கில் வராது.) குழாயின் முனையை நீட்டி, கால் எட்டாத தூரத்தில் விழுகிறாற்போல் செய்துவிடலாம், அரை நாள் வேலை என்றார்.

"வேண்டாம்" என்றாள் தங்கச்சி. "என் காலுக்குப் பயந்து நான் குழாயை நீட்டணுமா? குழாய் அங்கதான் இருக்கும். காலு மாறட்டும்."

"கால் எப்படிம்மா மாறும்?"

"பாரு."

மறுநாளிலிருந்து வடிகால் ஓரம் அவள் பின்னோக்கி நடக்க ஆரம்பித்தாள். குதிகால் மண் அள்ளுவது முன்னோக்கி நடக்கும்போதுதானாம். பின்னோக்கி நடந்தால் அதற்குத் திசை குழம்பிவிடுமாம். முதல் நாள் வடிகாலுக்குள் விழுந்தாள். அடுத்த நாளும் விழுந்தாள், கொஞ்சம் தள்ளி. வழியில் போன ஒருவன் கேட்டான்: "என்னக்கா, எல்லாரும் முன்னால போறாங்க, நீங்க பின்னால போறீங்க?"

"நான் எங்க போனா உனக்கென்ன? நீ உன் வழியைப் பாரு, கம்பத்துல முட்டப்போற."

அவன் முட்டினான். மின்கம்பம் இன்னும் சாய்ந்திருக்கிறது; வந்து பார்க்கலாம்.

சில நாள் குழாய்கள் திறந்தே இருந்தன. சில நாள், பின்னோக்கி நடந்தும், எங்கேயோ ஒன்று அடைத்திருந்தது. அவள் காலைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டு மண்ணைத் தோண்டுவாள். சோளம் முழங்கால் தாண்டியது. புதிய இலைகளில் மஞ்சள் இல்லை. பழைய இலைகளில் இருந்தது. மழை மேகம் திரளத் தொடங்கியது.

நான் முடிவுகளை எழுதி வைத்தேன். எழுதினதை எப்படியோ கண்டுபிடித்துவிடுவாள் என்பதால், நானே படித்துக் காட்டினேன்.

ஒன்று: வயல் கட்டாந்தரை, செருப்பு பளபளக்கிறது, எதிர் வரப்பில் ஏறிக் கொழுந்தனைப் பார்த்துப் புன்னகைக்கிறாள்.

"சினிமா."

இரண்டு: நடு வயலில் ஒரு செருப்பு மாட்டுகிறது. அடுத்த பட்டத்தில் மீண்டும் தண்ணீர். அவள் குனிந்து நாற்றை ஊன்றுகிறாள். அவள் கண்ணில்

"அது உன் பத்திரிகை ஆசிரியருக்கு. நிறுத்து."

மூன்று: பெருமழையில் வயலே கழன்று மிதந்து, ஆற்று வழியாகக் கடலுக்குப் போய், அங்கே ஒரு தீவாக

"அது உனக்கு. நீ போய் அங்க குடியிரு."

"அப்ப உனக்கு எது வேணும்?"

ஆணியில் மாட்டியிருந்த குடையை எடுத்து, கம்பி சரியாக இருக்கிறதா என்று விரித்து மடக்கினாள்.

9

நேற்று மத்தியானம் பிடித்த மழை. இப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை என்று எழுதினால் வழக்கமான பொய் என்பீர்கள். எனவே பார்த்திருக்கிறேன். இடைவெளி இல்லாமல் பெய்தது. ஜன்னலில் வயல் தெரியவில்லை. அவள் குடையோடு போவதும் வருவதுமாக இருந்தாள். போகும்போது முன்னோக்கிப் போனாளா பின்னோக்கியா என்று மழையில் எனக்குத் தெரியவில்லை.

"குழாயெல்லாம் திறந்திருக்கா?"

"தண்ணியில ஒண்ணும் தெரியல. முழங்கால் வரைக்கும் வடிகால் ஓடுது. காலு என்ன பண்ணுச்சோ, அதையே கேளு."

இப்போது காலை. மழை விட்டுவிட்டது. இதை வரப்போரத்தில் நின்றபடி, சாய்ந்த மின்கம்பத்தின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். பக்கத்து வயல்காரர்கள் வரப்பில் நிற்கிறார்கள். வயலின் மேலே தண்ணீர் தேங்கவில்லை. ஆனால் தாழ்வயல் மேலே எதையும் காட்டாது. அதன் சமாசாரமெல்லாம் உள்ளே. கொழுந்தன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஜெயிக்க வந்தவர் மாதிரியும் இருக்கிறது, துக்கம் கேட்க வந்தவர் மாதிரியும் இருக்கிறது.

தங்கச்சி புதுச் செருப்பை டப்பாவிலிருந்து எடுத்தாள்.

"அண்ணி, வார் வச்ச செருப்பு செல்லாது. கட்டிக்கிட்டா எப்படிக் கழலும்?"

"வார் இல்ல. வந்து பாத்துக்குங்க."

அவர் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, தன் சட்டையிலேயே துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். ஏன் துடைத்தார் என்று எனக்கு விளங்கவில்லை. செருப்பில் அழுக்கே இல்லை. "பாத்து நடங்க" என்றார்.

அவள் போட்டுக்கொண்டாள். வரப்பின் விளிம்பில் நின்று, இறங்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"எதுக்கு?"

"நீ பாத்தா எழுதுவ. ஜெயிச்சா என்னைச் சிலையா வடிப்ப. தோத்தா என்னை வச்சு ஒப்பாரி வைப்ப. ரெண்டும் வேண்டாம்."

"முடிவில்லாம எப்படிம்மா கதை?"

"ஒண்ணே ஒண்ணு வேணா எழுதிக்கோ. செருப்பு இருந்தாலும் சரி, போனாலும் சரி, இனி நான் தண்ணியில இறங்க மாட்டேன்."

கொழுந்தன் பதறினார். "அண்ணி, பந்தயம்? தோத்தா நடவுக்கு வர்றேன்னு சொன்னீங்களே."

"வயலை வச்சேன், தோத்தா எடுத்துக்குங்க. காலையும் சேத்து வச்சது என் முட்டாள்தனம். அதைத் திரும்ப எடுத்துக்கிறேன்."

"இது நியாயமில்ல."

"ஆமா" என்றாள். "இல்லதான்."

நான் திரும்பிக்கொண்டேன். எனக்கு முன்னால் இப்போது மின்கம்பம், அதற்கப்பால் பம்பு அறை, சாலையில் ஒரு மிதிவண்டிக்காரன் இறங்கி நின்று என் தலைக்கு மேலாக வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் முகத்தைப் படித்து முடிவைத் தெரிந்துகொள்ளலாம். கண்ணை மூடிக்கொள்கிறேன். வாழ்நாள் முழுதும் பொய் சொன்னவன் ஒரே ஒரு தடவையாவது சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும்.

அவள் இறங்கிவிட்டாள். முதல் அடியின் சத்தம் கேட்டது. காய்ந்த மண்ணில் விழுந்த அடி மாதிரியும் இல்லை, சேற்றில் விழுந்த அடி மாதிரியும் இல்லை. சோள இலைகள் உரசுகின்றன. நடு வயலுக்கு வந்திருப்பாள். கொழுந்தன் "ஐயோ" என்கிறார். அவர் சந்தோஷத்துக்கும் ஐயோ என்பார், பல்வலிக்கும் ஐயோ என்பார். அடிச்சத்தம் நின்றிருக்கிறது. செருப்பு மாட்டியதால் நின்றாளா, கூட்டத்தைக் காக்கவைக்க வேண்டும் என்று நின்றாளா, தெரியாது. இரண்டும் செய்யக்கூடியவள்.

என்னைத்தான் திரும்பச் சொன்னாள். உங்களைச் சொல்லவில்லை. இவ்வளவு நேரமும் நீங்கள் வயலைப் பார்த்துத்தான் நின்றுகொண்டிருக்கிறீர்கள். அவள் இன்னும் எதிர் வரப்பை எட்டவில்லை. கவனமாகப் பாருங்கள். கொழுந்தன் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், அவருக்கு அந்த உரிமை உண்டு.

கண்ணில் தண்ணீர் நிற்கிறதா என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டால், தூசி விழுந்துவிட்டது என்று சொல்லுங்கள்.